கறுக்கலாம், கருகக் கூடாது: வீட்டில் கேஜன், கிரியோல் சால்மன்

கேஜன் சால்மனை, அதாவது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பாணியில் மசாலா தடவிச் சட்டியில் கறுக்க எடுக்கும் சால்மன் மீனை, முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வீடு முழுக்கப் புகை, எல்லோருக்கும் இருமல், தட்டில் வந்த மீனோ மேலே கசப்பு, நடுவில் பச்சை. மசாலாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பின்பற்றிய செய்முறை வேறொரு மீனுக்காக உருவானது.

அந்த மீன் ரெட்ஃபிஷ், மெக்ஸிகோ வளைகுடாவில் கிடைப்பது. லூசியானாவின் ஒபலூசஸ் ஊரில் 1940-இல் பிறந்த பால் புருதோம் என்ற சமையல்காரர், 1979-இல் நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு குவார்ட்டரில் கே-பால்ஸ் என்ற உணவகத்தைத் தொடங்கினார். மீனை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மசாலாவில் புரட்டி, அனல் பறக்கக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் போட்டு எடுக்கும் 'பிளாக்கன்ட் ரெட்ஃபிஷ்' (கறுக்கச் சுட்ட ரெட்ஃபிஷ்) அங்கிருந்துதான் அமெரிக்கா முழுக்கப் பரவியது. எல்லா ஊர் உணவகங்களும் அதையே கேட்டதில் வளைகுடாவில் ரெட்ஃபிஷ் அருகிப்போய், 1980-களின் பிற்பகுதியில் அதை வணிகத்துக்குப் பிடிப்பதையே தடுக்க வேண்டி வந்தது. பிறகு அதே முறை வேறு மீன்களின் மேல் ஏறியது. எங்கும் கிடைக்கும் சால்மன் அவற்றில் முதன்மையானது. லூசியானா ஆறுகளில் சால்மன் கிடையாது.

ரெட்ஃபிஷ் கொழுப்பற்ற வெள்ளை மீன். அதன் துண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்காது. கடும் சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். பண்ணை அட்லாண்டிக் சால்மனிலோ நூறு கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு இருக்கிறது, தடிமனும் கூட. அதே சூட்டில் போட்டால் மசாலா கரியாகும் நேரத்தில் நடுப்பகுதிக்குச் சூடே எட்டியிருக்காது. மீனிலிருந்து இறங்கும் எண்ணெய் புகையை இரட்டிப்பாக்கும். ஆகவே வெண்ணெய் பாதி, சூடு ஒரு படி குறைவு, நேரம் சற்றுக் கூடுதல். கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

கேஜன் எது, கிரியோல் எது

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு வழியினரான அகேடியர்களை 1755 முதல் பிரிட்டிஷார் துரத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தெற்கு லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினார்கள். அகேடியன் என்ற பெயர்தான் தேய்ந்து கேஜன் ஆனது. அவர்களுடையது நாட்டுப்புறச் சமையல்: ஒரே சட்டி, கிடைத்த மீன், தூக்கலான காரம். கிரியோல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க, பூர்வகுடிக் கைகள் எல்லாம் அதில் உண்டு. தக்காளி, வெண்ணெய், கிரீம், குழம்பு போன்ற சாஸ்கள் அந்தப் பக்கம் அதிகம். எல்லைக்கோடு அத்தனை கறாரானது அல்ல. வீட்டுச் சமையலுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: சாஸ் இல்லாமல் சட்டியில் கறுக்க எடுக்கும் மீன் கேஜன் வழி, தக்காளி சாஸில் இறக்கும் மீன் கிரியோல் வழி.

மீன் வாங்கும்போது

நால்வருக்குத் தலைக்கு 170 கிராம் வீதம், தோலோடு நான்கு துண்டுகள். நீளவாக்கில் வெட்டிய நடுத்துண்டாகக் கேளுங்கள், தடிமன் இரண்டரை சென்டிமீட்டர். வால் பக்கம் மெல்லியது, கறுப்பதற்குள் வறண்டுவிடும். முள்ளோடு குறுக்கே வெட்டிய வளையத் துண்டு இந்த முறைக்கு ஒத்துவராது, மசாலா சமமாகப் பிடிக்காது. அட்லாண்டிக் சால்மன் பிழை பொறுக்கும், புதியவர்களுக்கு அதுவே சரி. சாக்கை சால்மன் பார்க்க அடர் சிவப்பாக அழகாக இருக்கும், ஆனால் கொழுப்பு குறைவு. அரை நிமிடம் அசந்தாலும் சக்கையாகிவிடும்.

தமிழ்நாட்டு மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அது சால்மன் இனமே அல்ல. வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், புருதோமின் மூல முறைக்கு சால்மனை விட அதுதான் பொருத்தம். காலா வாங்கியிருந்தால் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, இரு பக்கமும் நல்ல சூட்டில் வேகமாக எடுங்கள்.

உறைந்த மீன் என்றால் முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். காற்று நீக்கிய உறையில் வந்திருந்தால், உறையைக் கிழித்துவிட்டே உருக விட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அந்த உறை வாய்ப்பான இடம்.

துண்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நெருடுகிற இடத்தில் முள் இருக்கும்; அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இடுக்கியால் இழுத்தால் சதை பிய்யாது. தோலில் செதில் மிச்சமிருந்தால் கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுங்கள்.

வெந்த சால்மனின் பக்கவாட்டில் வெள்ளையாகத் தயிர் போல ஒன்று பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது கொழுப்பல்ல, தசை சுருங்கும்போது வெளியே தள்ளப்பட்டு உறையும் புரதம். உடலுக்குக் கேடில்லை, பார்வைக்குத்தான் நன்றாக இருக்காது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து மீனை 15 நிமிடம் ஊறவைத்தால் அது வெகுவாகக் குறையும். பிறகு அலசி, சமையலறைத் தாளால் எல்லாப் பக்கமும் ஒற்றியெடுங்கள். இந்த ஒற்றியெடுப்பில் சோம்பல் கூடாது. ஈரம் இருந்தால் சட்டியின் சூடு முதலில் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். மீன் அவியும், கறுக்காது. சமைப்பதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

மசாலா

நான்கு துண்டுகளுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும்:

பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்) – 4 தேக்கரண்டி
பூண்டுத் தூள் – ஒன்றரை தேக்கரண்டி
வெங்காயத் தூள் – 1 தேக்கரண்டி
உலர்ந்த தைம் – 1 தேக்கரண்டி
உலர்ந்த ஓரிகானோ – 1 தேக்கரண்டி
கயேன் மிளகாய்த் தூள் – முக்கால் தேக்கரண்டி
கருமிளகுத் தூள் – முக்கால் தேக்கரண்டி
வெள்ளை மிளகுத் தூள் – அரை தேக்கரண்டி
பொடி உப்பு – ஒன்றரை தேக்கரண்டி. மீனை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் முக்கால்

எல்லா அளவும் தலைதட்டியது. தைமையும் ஓரிகானோவையும் உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள். முழு இலையாக நின்றால் அவைதான் முதலில் கருகும்.

பாப்ரிகா நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும், காரத்துக்கு அல்ல. அது கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த் தூள் இரண்டரை தேக்கரண்டி போட்டுக் கயேனை விட்டுவிடலாம். வீட்டுக் குழம்பு மிளகாய்த் தூள் வேண்டாம். அதில் மல்லியும் சீரகமும், சில வீடுகளில் பருப்பும் சேர்ந்திருக்கும். அதைப் போட்டால் வருவது மீன் வறுவல். நல்ல வறுவலாகவே வரலாம், கேஜன் ஆகாது. வெள்ளை மிளகைப் பலரும் தேவையில்லை என்று தவிர்க்கிறார்கள். அதன் மண்வாசனை கலந்த உறைப்பு இல்லாவிட்டால் கலவை வெறும் மிளகாயாகத் தட்டையாகிவிடும். பீட்சாவோடு வரும் பொட்டலத்தை ஓரிகானோ என்று நம்பிப் போடுகிறவர்கள், அதில் உப்பும் மிளகாய்ச் சில்லும் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. அடுப்புப் பெட்டியில் (ஓவனில்) சுடுவதென்றால் சரி. இந்தச் சூட்டில் சர்க்கரை ஒரு நிமிடத்தில் கசக்கும்.

கடைக் கலவையும் மோசமில்லை. டோனி சாஷரே'ஸ், ஜடாரன்'ஸ் போன்றவை லூசியானாவிலேயே பிறந்த பெயர்கள். ஆனால் உறையில் பொருள் பட்டியலைப் படியுங்கள். உப்பு முதலிடத்தில் இருந்தால் உப்புநீர் ஊறலை விட்டுவிட்டு, ஒரு துண்டுக்கு முக்கால் தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள். 'கேஜன்', 'கிரியோல்' என்ற இரண்டு உறைகளுக்கும் உள்ளே பெரிய வேறுபாடு இருக்காது. கிரியோல் என்பதில் இலைகள் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

சட்டியும் புகையும்

வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும், 26 சென்டிமீட்டர் அகலம். வீட்டில் தடித்த இரும்புத் தோசைக்கல் இருந்தால் அதுவும் போதும், எண்ணெய் ஓரத்தில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்ஸ்டிக்கில் இதைச் செய்யவே வேண்டாம். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும், காலிச் சட்டி அந்தச் சூட்டை விரைவில் எட்டிவிடும். மெல்லிய அலுமினியச் சட்டியும் உதவாது, மீனை வைத்ததும் சூடு விழுந்துவிடும்.

புருதோம் முறையில் சட்டி பத்து நிமிடம் முழுச் சூட்டில் காயும். அதை வீட்டுக்குள் செய்யாதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். சால்மனுக்கு அது தேவையும் இல்லை. மிதத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே தீயை வைத்து ஐந்தாறு நிமிடம் காயவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் எடுத்தவுடன் முழுச் சூடு வைத்தால் இரும்பு வளையவோ விரிசல் விடவோ கூடும். நடுச் சூட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். தோசைக்குப் பார்ப்பது போலத் துளி நீர் தெளியுங்கள். 'சொய்' என்று உடனே மறைந்தால் இன்னும் காயவில்லை. துளி முத்தாகத் திரண்டு உருண்டு ஓடினால் சரியான பதம்.

மீன் உள்ளே போகும் முன்பே சன்னலைத் திறந்து, புகைபோக்கியை ஓடவிடுங்கள். சுடுகிற மிளகாயின் நெடி கண்ணிலும் தொண்டையிலும் ஏறும். சின்னக் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வேறு அறையில் இருப்பது நல்லது. வீட்டில் மாடியோ முற்றமோ இருந்தால் அடுப்பை அங்கே கொண்டுபோவது எல்லாவற்றிலும் மேல்.

மீனைப் போடுதல்

வெண்ணெய் 40 கிராம் உருக்கி, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருந்தால் மீனில் ஒட்டாமல் வழிந்துவிடும். சதைப் பக்கத்திலும் ஓரங்களிலும் மட்டும் தூரிகையால் தடவுங்கள். சால்மனை முக்கி எடுக்கத் தேவையில்லை. நெய்யா வெண்ணெயா என்றால், வெண்ணெய்தான். அதிலுள்ள பால் திடப்பொருள்தான் மசாலாவோடு சேர்ந்து சிவந்து அந்த மேலோட்டை உண்டாக்குகிறது. நெய்யில் அது நீக்கப்பட்டிருக்கும், எனவே புகை குறையும், மணமும் குறையும். சின்ன அடுக்ககச் சமையலறை என்றால் பாதிக்குப் பாதி கலந்துகொள்வது நியாயமான சமரசம்.

துண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி வரை மசாலாவைச் சதைப் பக்கத்தில் தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள். தோலில் போட வேண்டாம். தூவிய உடனே சட்டிக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் விட்டால் உப்பு நீரை இழுத்து மசாலா சேறாகும். அந்தச் சேறு சட்டியில் ஒட்டி, மீனைத் திருப்பும்போது உரிந்து வந்துவிடும்.

சட்டியில் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் போன்ற வாசனையற்ற ரீஃபைண்டு எண்ணெயைத் துடைத்தாற்போலத் தடவி, மீனைச் சதைப் பக்கம் கீழே இருக்குமாறு, உங்களுக்கு எதிர்த்திசையில் சாய்த்து வையுங்கள். ஒரு முறைக்கு இரண்டு துண்டுகள் மட்டும். வைத்தபின் நகர்த்தக் கூடாது. ஒன்றரை நிமிடத்தில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். செங்கல் நிறமாக இருந்தால் இன்னும் விடுங்கள். நீங்கள் தேடுவது பழம்புளியின் நிறம்: சட்டென்று பார்த்தால் கறுப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே செம்பழுப்பு. இரண்டு முதல் இரண்டரை நிமிடத்தில் அது வரும். மூக்கும் துணை செய்யும். வறுத்த மிளகாயும் கொட்டையும் கலந்த மணம் வரும்வரை நல்லது. அந்த மணம் சட்டென்று காகிதம் எரிவது போல மாறினால் எல்லை தாண்டிவிட்டது.

ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், இருபது விநாடி பொறுத்தால் தானே விடும். மெல்லிய தோசைத் திருப்பியை முழுதாக உள்ளே செலுத்தித் திருப்பி, தீயை உடனே மிதத்துக்கும் கீழே இறக்குங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான். மேலோடு ஆகிவிட்டது, இனி உள்ளே வேக வேண்டியதுதான் பாக்கி, அதற்குக் கடும் சூடு வேண்டாம். தோல் பக்கம் மூன்றரை முதல் ஐந்து நிமிடம். தோல் ஒரு கேடயம் போல நின்று சதையை மெதுவாக வேகவிடும். மூடி போடாதீர்கள்; நீராவி மேலோட்டை நமுத்துப்போகச் செய்யும்.

இரண்டாம் ஈடு போடுமுன் சட்டியில் தங்கிய கரிப்பொடியை மடித்த தாளை இடுக்கியால் பிடித்துத் துடைத்துவிடுங்கள். முதல் இரண்டு துண்டுகள் நன்றாக வந்து பின்னிரண்டும் கசந்தால் காரணம் இதுவே.

வெந்ததை அறிவது

உணவு வெப்பமானி வாங்கினால் பாதிக் கவலை தீரும். அமெரிக்க அரசின் பாதுகாப்பு அளவு, மீனின் நடுவே 63 டிகிரி. உணவகங்களில் பெரும்பாலும் 52-இல் எடுத்து ஓய்வு விடுகிறார்கள், அது தட்டுக்கு வரும்போது 54, 55 ஆகும். சதை ஈரமாக, இதழ் இதழாகப் பிரியும். சாக்கைக்கு 50 போதும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடுவதென்றால் 63 வரை கொண்டுபோங்கள். சற்று வறளும், அதற்குத்தான் பின்னால் வரும் சாஸ்.

வெப்பமானி இல்லாவிட்டால் பக்கவாட்டைப் பாருங்கள். வெளிறிய நிறம் கீழிருந்தும் மேலிருந்தும் ஏறிவரும். நடுவே ஒரு விரற்கடையை விடக் குறைவாகப் பளபளப்பான கோடு மிஞ்சும்போது எடுத்தால் ஓய்வில் சரியாகும். மீனை இறக்கி மூன்று நிமிடம் தட்டில் விடுங்கள், தோல் கீழே இருக்கட்டும்.

மேலே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கிறதா? திரும்பச் சட்டியில் போட்டுக் கறுக்க வேண்டாம். 150 டிகிரி அடுப்புப் பெட்டியில் நான்கு நிமிடம் வையுங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தடித்த துண்டுகளுக்குத் தொடக்கத்திலேயே இதைத் திட்டமிடலாம்: சட்டியில் சதைப் பக்கம் மட்டும் கறுக்கவிட்டு, மீதியைப் பெட்டியில் முடிப்பது. முழுக்க முழுக்கப் பெட்டியில் செய்ய விரும்புபவர்கள் 220 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வைக்கலாம். புகை இராது, சுவையும் குறையில்லை. பிளாக்கன்ட் என்று மட்டும் சொல்ல முடியாது.

கிரியோல் சாஸில் சால்மன்

இங்கே அவசரமே இல்லை. வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றும்தான் அடித்தளம். லூசியானாவில் இந்தக் கூட்டுக்கு 'ஹோலி டிரினிட்டி' என்றே பெயர். கேஜன் வீடுகளிலும் கிரியோல் வீடுகளிலும் பொதுவான சொத்து அது.

வெண்ணெய் 30 கிராமில் பொடியாக நறுக்கிய வெங்காயம் 150 கிராம், செலரி 75 கிராம், பச்சைக் குடைமிளகாய் 75 கிராம் போட்டு, மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம் வதக்குங்கள். குழைய வேண்டும், பொன்னிறமாக வேண்டியதில்லை. செலரியின் பச்சை வாடை போகாமல் அடுத்த படிக்குப் போனால் கடைசிவரை அது தனித்து நிற்கும். சிவப்புக் குடைமிளகாய் இனிக்கும். இந்தச் சாஸுக்கு வேண்டிய லேசான கசப்பு பச்சையில்தான் இருக்கிறது.

நான்கு பல் பூண்டைத் தட்டிப்போட்டு ஒரு நிமிடம் வதக்கி, பாப்ரிகா 1 தேக்கரண்டி, தைம் அரை, கயேன் கால் தேக்கரண்டி சேர்த்து அரை நிமிடம் புரட்டுங்கள். பிறகு பொடியாக நறுக்கிய தக்காளி 400 கிராம், இறால் தலையும் ஓடும் வேகவைத்து வடித்த நீர் 150 மில்லி, ஒரு பே இலை. பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை வேறு மரம். அதில் பட்டை வாசனை இருக்கும், சாஸை நம் ஊர்ப் பக்கம் இழுத்துவிடும். பே இலை கிடைக்காவிட்டால் ஒன்றும் போடாமலே இருக்கலாம். 20 நிமிடம் சிறுதீயில் சுண்டவிடுங்கள். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது மூடிக்கொள்ள இரண்டு விநாடி ஆக வேண்டும், அதுவே பதம்.

வூஸ்டர் சாஸ் 2 தேக்கரண்டி, டபாஸ்கோ என்ற மிளகாய் சாஸ் ஒரு தேக்கரண்டி ஊற்றி, அதன்பின் உப்புப் பாருங்கள். வூஸ்டர் சாஸில் நெத்திலி போன்ற மீனும் உப்பும் உண்டு, முன்கூட்டியே உப்புப் போட்டால் கரித்துவிடும். டபாஸ்கோ 1868 முதல் லூசியானாவின் ஏவரி ஐலண்டில் தயாராவது. அதன் வினிகர்ப் புளிப்பு இங்கே காரத்தை விட முக்கியம். எனவே அதற்குப் பதிலாக மிளகாய்த் தூளைக் கூட்டுவது ஈடாகாது. இல்லாவிட்டால் அரைத் தேக்கரண்டி வினிகரும் ஒரு சிட்டிகை கயேனும் சேருங்கள்.

தோல் நீக்கிய சால்மனை நான்கு சென்டிமீட்டர்த் துண்டுகளாக்கி, லேசாக உப்பிட்டு, சாஸில் பாதி முங்கும்படி அடுக்குங்கள். சாஸ் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் போதும். மூடிபோட்டு 6 முதல் 8 நிமிடம். கிளறாதீர்கள், சட்டியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். இறக்கியபின் குளிர்ந்த வெண்ணெய் 20 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு ஆட்டிக் கரையவிட்டால் சாஸ் பளபளக்கும், தக்காளியின் புளிப்பும் தணியும். மேலே வெங்காயத்தாளும் பார்ஸ்லியும்.

தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்ற கேள்வி எழும். ஊற்றினால் மீன் சொதியின் தூரத்து உறவு ஒன்று கிடைக்கும். ருசிக்கும், கிரியோல் அல்ல.

கறுத்த மீனையும் இந்தச் சாஸையும் ஒரே தட்டில் வைக்க விரும்பினால் சாஸ் கீழே, மீன் மேலே. சாஸை மீனின் தலையில் ஊற்றினால் பாடுபட்டு உண்டாக்கிய மேலோடு ஒரு நிமிடத்தில் ஊறிப்போகும். பக்கத்தில் எப்போதும் சோறுதான். தென்மேற்கு லூசியானா நெல் விளையும் பூமி. ஒட்டாமல் உதிரியாக வடித்த நீளரிசிச் சோறு, எலுமிச்சைத் துண்டு, வினிகரில் பிசிறிய முட்டைக்கோஸ். அதற்குமேல் தட்டை நிறைத்தால் காரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும்.

மிஞ்சிய மீனை ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கறுத்த துண்டை மைக்ரோவேவில் சுடவைத்தால் மீன் வாடை வீடெங்கும் வரும், சதையும் இறுகும். உதிர்த்து, சூடான சோற்றில் ஒரு கரண்டி சாஸோடு பிசைந்தால் சோற்றின் சூடே போதும்.